பல்லுக்குப் பிரீமியமா? பல் டாக்டருக்குப் போராட்டமா?

விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டைக்கு வந்து சேரும் பெங்களூர் ரெயிலை நம்மில் அறியாதவர் யார்? அந்த ரெயிலின் கூட்டத்தை அன்றாடம் பார்ப்பது நம் உத்தியோகம். கூர்க்கா வேலைக்கும், கார்மெண்ட்ஸ் வேலைக்கும், கட்டட வேலைக்கும் போகிற அந்த ஆயிரக்கணக்கான முகங்களில், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி ஏறுகிற முகம் ஒன்றாவது நாள்தோறும் கண்ணில் படும். கேட்டால், "பல்லு வலிதாண்ணே, கிராம்பு வச்சிருக்கேன், சரியாப் போயிடும்" என்பார்கள். சரியாகப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து அதே முகம் வீங்கிப்போய் ஏறும்.

இந்தப் பல் விவகாரத்தை இம்மாத ஏட்டில் பேசக் காரணம் உண்டு. பேத்தமங்களாக் கிளையின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப் போகிறது. சங்கத்தின் பெயரில் இருநூறு குடும்பங்களைச் சேர்த்து ஒரு கம்பெனியின் "குடும்பப் பல் இன்ஷ்யூரன்ஸ்" எடுக்கலாமா, வேண்டாமா என்பதே அது. ஏஜெண்டு இரண்டு முறை வந்துவிட்டார். இனிப்பாகப் பேசுகிறார். "மாசம் முந்நூறு ரூபாய், ஒரு நாள் கறிக் காசு. குடும்பத்துல நாலு பேர் பல்லுக்கும் கம்பெனி பொறுப்பு" என்கிறார். தோழர்கள் பலர் ஆதரவாக இருக்கிறார்கள். நாம் எதிராக இருக்கிறோம். எதற்கென்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நம் பிழை

பிறரைக் குறை சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவதே முறை. இரண்டாண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு தாய், இதே மாதிரி ஒரு பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். கணவர் ஒயிட்ஃபீல்டு பக்கம் செக்யூரிட்டி வேலை. "அய்யா, நீங்க படிச்சவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றார். மேலாகப் புரட்டினோம். முன்பக்கத்தில் சிரித்த முகமாக ஒரு குடும்பம். பின்பக்கத்தில் எறும்பு எழுத்து. எறும்பு எழுத்தைப் படிக்கவில்லை. "நல்லதுதாம்மா, எடுங்க" என்றோம். நமக்கோ ரெயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. பாலிசி படித்துப் பழக்கமில்லை. அந்தச் சொகுசு நம் கண்ணை மறைத்தது.

எட்டாம் மாதம் அவருடைய பதின்மூன்று வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. தனியார் டாக்டர் பார்த்து, "வேர் வரைக்கும் சொத்தை போய்விட்டது. ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும், எட்டாயிரம் ஆகும்" என்றார். பாலிசியை நீட்டினார் தாய். கம்பெனியின் பதில் பத்து நாள் கழித்து வந்தது: இந்தச் சொத்தை பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்தது, மேலும் ரூட் கெனாலுக்கு ஓராண்டுக் காத்திருப்புக் காலம் முடியவில்லை, ஆகவே பணம் கிடையாது. அதற்குள் பெண்ணின் தாடை வீங்கிவிட்டது. கடைசியில் முந்நூறு ரூபாய்க்குப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆயுள் முழுதும் மெல்ல வேண்டிய பல், பதின்மூன்று வயதில் போய்விட்டது.

அந்தத் தாய் நம்மை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இன்ஷ்யூரன்ஸ் என்பது எதற்கு?

இன்ஷ்யூரன்ஸ் என்றாலே ஏமாற்று என்று சொல்ல நாம் வரவில்லை. அது ஒரு நல்ல ஏற்பாடு, இடம் பொருந்தினால். நூறு குடிசை உள்ள ஊரில் எந்தக் குடிசை எரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்தால், எரிந்தவன் வீட்டை எல்லாருமாகக் கட்டிக் கொடுக்கலாம். இதற்கு இரண்டு இலக்கணம் உண்டு. ஒன்று, எப்போது வரும் என்று தெரியாத ஆபத்தாக இருக்க வேண்டும். மற்றொன்று, வந்தால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத சுமையாக இருக்க வேண்டும்.

பல் சொத்தை இந்த இலக்கணத்தில் அடங்குமா? பல்லின் மேல் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் தின்று புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேலோட்டை அரிக்கிறது. முதலில் சுண்ணாம்பு வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு கறுப்பு. பிறகு குழி. குழி உள்ளே நரம்பைத் தொட்ட பிறகுதான் உயிர் போகிற வலி. இதற்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகின்றன. ஆக, இது திடீரென்று விழுகிற இடி அல்ல. படிக்கட்டில் ஏறி வருகிற விருந்தாளி. முதல் படியில் பார்த்தால் துலக்குவதும் இனிப்பைக் குறைப்பதுமே போதும். இரண்டாம் படியில் அடைத்தால் சில நூறு ரூபாய். மூன்றாம் படியில் சில ஆயிரம். நாலாம் படியில் பிடுங்குவது ஒன்றே வழி.

அந்தப் பெண்ணின் பல்லும் அப்படி ஏறி வந்ததுதான். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். "இது பால் பல்லு, விழுந்து வேற முளைக்கும்" என்று தாய்மார்கள் விட்டுவிடுகிறார்கள். அது விழுகிற பல் அல்ல. போனால் போனதுதான். நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிற பல் அதுவே. இந்த ஒரு செய்தி வீடு வீடாகப் போயிருந்தால், எந்தப் பாலிசியும் இல்லாமல் அந்தப் பல் தப்பியிருக்கும்.

தாளைப் படித்தோம்

இந்த முறை எறும்பு எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். சங்கத்தின் முன் வந்துள்ள திட்டம் சொல்வது இது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய் பிரீமியம். ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய் வரைதான் கம்பெனி தரும். முதல் ஆறு மாதம் சுத்தம் செய்வதும் பல் பிடுங்குவதும் மட்டும். ரூட் கெனாலுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். கேப் போட்டால் பாதிப் பணம் நம்முடையது. கம்பி கட்டுவது, கறை நீக்குவது எல்லாம் அழகு சிகிச்சை என்று தள்ளுபடி. அவர்கள் பட்டியலில் உள்ள கிளினிக்கில்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள கிளினிக்குகள் எல்லாம் பெங்களூர் நகரத்துக்குள். பேத்தமங்களாவில் ஒன்றும் இல்லை, ராபர்ட்சன்பேட்டையிலும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் முதல் ஆண்டு 3,600 கட்டுகிறது. இரண்டாம் ஆண்டு 3,600 கட்டுகிறது. ஆக 7,200. இரண்டாம் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு ரூட் கெனால் 4,000, கேப் 4,000 ஆகிறது. கம்பெனி தருவது ரூட் கெனாலுக்கு 4,000, கேப்புக்குப் பாதியாக 2,000, மொத்தம் 6,000. கட்டியது 7,200, வந்தது 6,000. நோய் வந்தும் நமக்கு 1,200 நஷ்டம். பெங்களூருக்குப் போய்வந்த செலவும், போன ஒரு நாள் கூலியும் தனி.

"இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வருஷத்தில் வந்தால் லாபம்தானே?" என்று ஒரு தோழர் கேட்டார். லாபம் இல்லை தோழரே! 6,000 தொட்டதும் கம்பெனி கையை உதறிக்கொள்ளும். இரண்டாம் பிள்ளையின் செலவு முழுதும் நம் தலையில். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. உண்மையான இன்ஷ்யூரன்ஸ் சிறிய சுமையை நமக்கு விட்டுவிட்டுப் பெரிய சுமையைத் தான் ஏற்கும். இந்தப் பல் இன்ஷ்யூரன்ஸ் சிறிய சுமையைத் தான் ஏற்பதாகக் காட்டி, பெரிய சுமையை நமக்கே விட்டுவிடுகிறது. குடையை வெயிலில் கொடுத்து, மழை வந்ததும் பிடுங்கிக்கொள்வது போல!

இந்த ஒரு கம்பெனி மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் சாதாரண மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாகப் பல் சிகிச்சையைச் சேர்ப்பதில்லை. விபத்தில் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தருவார்கள். சொத்தைக்குத் தரமாட்டார்கள். தனிப்பல் திட்டங்களிலும் காத்திருப்பும் உச்சவரம்பும் இல்லாதவை அபூர்வம். பணக்கார அமெரிக்காவிலும் 1965-இல் முதியோருக்கென்று வந்த மெடிகேர் சட்டம் சாதாரணப் பல் சிகிச்சையை வெளியே நிறுத்தியது. உடம்பின் மற்ற உறுப்பெல்லாம் உடம்பு, பல் மட்டும் உடம்பில்லை என்பது போல உலகம் முழுதும் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி சுமார் 350 கோடி மக்களுக்கு வாய் நோய்கள் உண்டு. அவர்களில் நாலில் மூன்று பேர் நம் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிற இன்ஷ்யூரன்ஸ்

இப்போது முக்கியமான விஷயத்திற்கு வருகிறோம். பல் பிடுங்கிய அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். அதில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். அதாவது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஏற்கெனவே ஒரு இன்ஷ்யூரன்ஸ் இருந்திருக்கிறது! அது இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவி பேர் பதிவாகவில்லை. பிள்ளை பேர் பதிவாகவில்லை. கார்டும் கைக்கு வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. 1948 சட்டத்தில் பிறந்த திட்டம். சம்பள உச்சவரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய் என்று ஆயிற்று. 15,000 சம்பளக்காரருக்கு அவர் பங்கு மாதம் 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600, வருஷத்திற்கு 7,200. ஏஜெண்டு கேட்பதைப் போல இரண்டு மடங்கு பணம் நம் பெயரில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அதில் பல் மருத்துவமும் அடக்கம். சொத்தை முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்ற குறுக்கு விசாரணை அங்கே இல்லை.

எல்லாம் அங்கே சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. டிஸ்பென்சரி தூரம். வரிசை நீளம். ஒரு நாள் கூலி போகும். பல் செட்டு கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடாது. "இன்னிக்கு மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வா" என்ற பதிலை நாமே தோழர் ஒருவருடன் போய்க் காதால் கேட்டிருக்கிறோம். ஆனால் அது நம் பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரி. அங்கே குறை இருந்தால் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தனியார் கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று யாரைக் கேட்பது?

அதைவிடக் கொடுமை, சில காண்டிராக்டர்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமலே விடுவது. ஆகவே தோழர்களே, இந்த மாதமே சம்பளச் சீட்டைப் பாருங்கள். இன்ஷ்யூரன்ஸ் நம்பர் என்ன என்று கேளுங்கள். மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் தாய் தந்தையர் பேர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.

கையருகே இருப்பவை

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், கூலி வேலை செய்வோர், ரிடையர் ஆனவர்கள் என்ன செய்வது? வழி அறவே இல்லாமல் இல்லை. கே.ஜி.எஃப். பெமல் நகரிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், கட்டணம் தனியாரைவிடக் குறைவாக இருக்கும். "படிக்கிற பசங்க கையில பல்லைக் கொடுக்கிறதா" என்று அஞ்ச வேண்டாம். தலைக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் நிற்கிறார். பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிட்டி மார்க்கெட் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வழியில்தான்.

பல் எல்லாம் போன முதியவர்களுக்குக் கர்நாடக அரசின் "தந்த பாக்ய" திட்டம் என்று ஒன்று உண்டு. வறுமைக்கோட்டு அட்டை உள்ள முதியோருக்கு இலவசமாகப் பல் செட்டு கட்டித் தருவதற்கென்று வந்தது. நம் பெரியவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? அட்டையை எடுத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். கஞ்சியையே குடித்துக் காலம் தள்ளுகிற கிழவி, முறுக்குக் கடிக்க வேண்டாம், ஒரு வாய்ச் சோறாவது மென்று தின்னட்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. வெற்றிலையோடு புகையிலை, பொட்டலம் பொட்டலமாக வாயில் கொட்டிக்கொள்ளும் தூள் நம்மிடையே அதிகம். கர்நாடகத்தில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. தடை தாளில் இருக்கிறது, தூள் வாயில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய்க்குள் வெள்ளைத் திட்டு, வாயை அகலத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கென்று தள்ளாதீர்கள். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை உண்டு. வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடங்கும். பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் பாருங்கள், புற்று ஆன பிறகு லட்சம் தருகிற ஏற்பாடு, புண்ணாக இருக்கும்போது வாயைத் திறந்து பார்க்க ஒரு டாக்டரை ஊரில் வைக்கவில்லை. பல் இன்ஷ்யூரன்ஸ் அந்த டாக்டரைக் கொண்டுவருமா?

தண்ணீருக்கு எந்தக் கம்பெனி பாலிசி தரும்?

பேத்தமங்களா தண்ணீருக்குப் பேர் போன ஊர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலாற்று ஏரி நீரை இங்கிருந்துதான் சுரங்கத்துக்கும் லைன் வீடுகளுக்கும் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரத் துரை முகம் கழுவியதும் நம் ஊர்த் தண்ணீரில்தான். இன்று நிலைமை என்ன? மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி சுருங்கியது. ஜனங்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பினார்கள். ஆழம் போகப் போகப் பாறையிலிருந்து ப்ளூரைடு கரைந்து வருகிறது. கோலார் மாவட்டத்தில் ப்ளூரைடு பிரச்னை நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம்.

அளவாக இருந்தால் பல்லுக்குக் காவல், அளவு மீறினால் பல்லுக்குக் காலன். குழந்தையின் பல் உள்ளே உருவாகிற சின்ன வயதில் இந்த நீரைக் குடித்தால், முளைக்கிற பல்லே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக முளைக்கும். தேய்த்தால் போகாது. செங்கல் தூளும் உமிக்கரியும் போட்டுத் தேய்த்தால் பல் தேயும், கறை தேயாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ப்ளூரைடு போகாது. நீர் ஆவியாகிப் போக, ப்ளூரைடு தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

இந்தப் பற்களோடு பள்ளிக்கூடத்தில் வாயைப் பொத்திச் சிரிக்கிற பெண் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் "பல்லு சரியில்லை" என்று திரும்பிப் போன வீடுகளும் நமக்குத் தெரியும். ஏஜெண்டைக் கேட்டோம். "அது காஸ்மெடிக் சார், கவர் ஆகாது" என்றார். குடிக்கத் தந்த தண்ணீர் கெடுத்த பல்லை அழகு விவகாரம் என்று சொல்கிற பாலிசி நமக்கெதற்கு? நமக்கு வேண்டியது ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து, முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் பலகையில் எழுதி வைப்பது. அளவு மீறிய கிணற்றுக்குப் பதில் சுத்திகரித்த நீர் தருவது. இதைத் தனி ஒருவன் பிரீமியம் கட்டி வாங்க முடியாது. ஊர் கூடித்தான் வாங்க முடியும்.

சுரங்கத்தான் காட்டிய வழி

"பல்லுக்கெல்லாமா போராட்டம்? ஜனங்கள் சிரிப்பார்கள்" என்று நம் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சுரங்க ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். வேல்ஸ் நாட்டில் ட்ரெடிகர் என்று ஒரு நிலக்கரி ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளிகள் கூலியில் ஒரு சிறு பங்கைப் பொது நிதியில் போட்டு, தங்களுக்கென்று டாக்டர்களையும், ஒரு பல் டாக்டரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். பின்னாளில் பிரிட்டனின் சுகாதார மந்திரியானார். தன் ஊர் ஏற்பாட்டையே நாடு முழுமைக்கும் விரித்தார். 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. பல் சிகிச்சையும் அதில் இலவசம். நம் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்ததும் அதே 1948-இல்தான். 1951-இல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் போடத் தம் கட்சி அரசே துணிந்தபோது, பெவன் மந்திரிப் பதவியைத் தூக்கி எறிந்தார். பல் செட்டுக்காக ஒரு மந்திரி பதவி துறந்த வரலாறு உண்டு, தோழர்களே!

அந்த நாட்டிலும் இன்று அரசுப் பல் டாக்டர் கிடைக்காமல் அலைகிறவர்கள் பலர். பெற்ற உரிமையைக் காவல் காக்காவிட்டால் கரைந்துபோகும் என்பதற்கு அதுவே சான்று.

நம் கதை அதைவிடத் துயரம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை கட்டி வந்த நம் பாட்டன்மார் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் இறங்கிச் சுமார் 800 டன் பொன்னை வெட்டிக் கொடுத்தார்கள். உலகத்தில் எவனெவனோ பல்லுக்குத் தங்கம் கட்டிக்கொண்டான். காய்ச்சல் என்றாலும் காயம் என்றாலும் ஓடுவதற்குக் கம்பெனி ஆஸ்பத்திரி ஒன்று நமக்கு இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. ஆஸ்பத்திரியும் போயிற்று. பொன் எடுத்தவன் பேத்திக்குச் சொத்தைப் பல்லில் சிமெண்டு அடைக்க வழியில்லை. சைனைடு மேடு மட்டும் மிச்சம்.

1930-இல் கைரேகை வைக்க மாட்டோம் என்று வேலை நிறுத்தம் செய்து நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். படித்துப் பாராத தாளில் இருநூறு குடும்பம் கையெழுத்து வைக்கலாமா?

ஆகவே நாம் சொல்வது

யாரும் எப்போதும் பல் இன்ஷ்யூரன்ஸ் எடுக்கக் கூடாது என்பது நம் வாதமல்ல. முதலாளி தன் செலவில் எடுத்துக் கொடுத்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் நிரந்தரமாக உள்ளவர், காத்திருப்புக் காலம் குறைவாகவும், உச்சவரம்பு பிரீமியத்தைப் போல ஐந்தாறு மடங்காகவும், பக்கத்திலேயே கிளினிக்கும் உள்ள திட்டம் கிடைத்தால், கணக்குப் போட்டுப் பார்த்து எடுக்கட்டும். முன்பே எடுத்து ஏமாந்தவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பெங்களூரில் இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். மனு எழுதித் தர நாம் இருக்கிறோம்.

ஆனால் கூலிக்காரக் குடும்பங்களின் பணத்தைச் சங்கமே வசூலித்து, ஆண்டுக்கு 7,20,000 ரூபாயை ஒரு கம்பெனிக்குக் கட்டுவதை நாம் எதிர்க்கிறோம். அதற்குப் பதிலாகப் பொதுக்குழு முன் நாம் வைக்கும் யோசனை இது.

குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய். இருநூறு குடும்பம் சேர்ந்தால் ஆண்டுக்கு 2,40,000. இதை வட்டியில்லாக் கைமாற்று நிதியாக வைப்போம். பல்லோ கண்ணோ, அவசரச் சிகிச்சைக்கு எடுத்தவர் தவணையில் திருப்பிக் கட்டுவார். அவர் கட்டியது அடுத்தவருக்கு ஆகும். சீட்டு நடத்தி ஓடிப்போனவர்களிடம் நாம் பட்ட பாடு போதும். ஆகவே பணம் பாங்கில் இருக்க வேண்டும். கையெழுத்து இருவர், அதில் ஒருவர் பெண் உறுப்பினர். மாதக் கணக்கு இந்த ஏட்டிலேயே அச்சாக வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை முகாம் நடத்தக் கல்லூரியை அணுகுவோம். ஆறு வயதுப் பல்லைக் குறி வைத்துப் பார்க்கச் சொல்வோம்.

மூன்றாவது, போராட்டம். சமுதாய சுகாதார மையத்தில் ஒரு பல் டாக்டர் இருக்க வேண்டும் என்பது மைய அரசே வகுத்த இந்தியப் பொதுச் சுகாதாரத் தரம். பேத்தமங்களா வட்டார மக்களுக்கு வாரத்தில் சில நாட்களாவது, அதில் ஒரு நாள் ஞாயிறாக, அரசுப் பல் டாக்டர் உட்கார வேண்டும். நாள் கூலிக்காரனுக்கு ஞாயிறுதான் நோய் பார்க்கிற நாள். கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையும் இதோடு சேரட்டும். இந்த இரண்டையும் கேட்டு வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்குவோம். தாலுகா அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போய்க் கொடுப்போம்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் மறக்கலாகாது. இரவு படுக்குமுன் பல் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பிள்ளை வாயில் பால் பாட்டிலோடு தூங்க விடாதீர்கள். தாயும் தகப்பனும் வாரம் ஒரு முறை பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி கண்டால் வலிக்கும்வரை காத்திராதீர்கள்.

பல் பிடுங்கப்பட்ட அந்தப் பெண் இப்போது எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஆறு வயது. சென்ற வாரம் அந்தத் தாய் அவனைக் கையில் பிடித்து அழைத்துவந்து நம் வீட்டு வாசலில் நிறுத்தினார். "அய்யா, பின்னால ஒரு பல்லு முளைச்சிருக்கு. இது விழுற பல்லா, நிக்கிற பல்லா?" என்று கேட்டார்.

நிற்கிற பல் அம்மா. நிற்க வைக்க வேண்டியது நம் எல்லாருடைய பொறுப்பு. பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள்.